அனுப்புநர் வரியில் அவள் பெயர்

“எந்த முகாமில புள்ள இரிக்கிறா?” என்று அந்த அம்மா கேட்டார்.

யுத்தம் முடிந்துவிட்டதாக வானொலி சொல்லி மூன்றாம் நாள். மட்டக்களப்பில், வாவியைப் பார்த்திருந்த எங்கள் நிவாரண அலுவலகத்தின் முன்னறையில் நான் மட்டும் இருந்தேன். காவலரண் பக்கம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் கரையில் நின்ற கொக்குகள் எழும்பி எழும்பி அமர்ந்தன. நாங்கள் எழும்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வாரம் எல்லாரும் எல்லாரிடமும் கேட்ட கேள்வி அது. எந்த முகாம், எந்தப் பிரிவு, பெயர் வந்ததா. ஆகவே நானும் அந்த வாரத்துப் பதிலையே சொன்னேன்.

“எந்தப் புள்ள அம்மா? பேரைச் சொல்லுங்க, எழுதுறன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. ஆச்சரியம்தான்.

“எண்ட மகள்தான் புள்ள. உங்களோட இந்த மேசையில இருந்தவ. முந்தநாள் அண்ணனுக்குக் கடிதம் போட்டிரிக்கா. இஞ்ச இருந்துதான் வந்திரிக்காம்.”

பேனாவை நான் கீழே வைத்தேனா, அது விழுந்ததா, இன்றைக்கும் தெரியாது.

அவருடைய மகளை நாலரை வருடத்துக்கு முன்பு கடல் கொண்டுபோயிருந்தது. என்னோடு ஒரே மேசையில் எதிரெதிராக இருந்து வேலை செய்தவள். டிசம்பரில், நத்தார் விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போக, அவள் வாகரைக்குப் போனாள். அங்கே மீனவப் பெண்களின் சங்கம் ஒன்றை அவள்தான் தொடக்கிவைத்திருந்தாள்; கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலை கடல் வந்தது. வாகரைக்குப் போகும் பனிச்சங்கேணிப் பாலத்துக்கு அப்பால் என்ன நடந்ததென்று எங்களுக்கு மூன்று நாளாக ஒன்றும் தெரியாது. பிறகு தெரிந்தது. அவள் உடல் மட்டும் கிடைக்கவில்லை.

கடல் வந்ததைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை பழகவில்லை. கறுப்பாக வந்தது என்பார்கள், நின்று வந்தது என்பார்கள். நான் பார்த்தது வாவியைத்தான். வாவி அன்று பின்பக்கமாக ஓடியது. அதற்கு மேல் எழுதப் போனால் வசனம் முறிகிறது.

அந்தத் தாய் மகளுக்கு எந்தக் கிரியையும் செய்யவில்லை. காரணம் இருந்தது. கடல் வந்த மறுநாள், காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வாகரையிலிருந்து வடக்கே போன உழவு இயந்திரம் ஒன்றில், ஊதாச் சட்டை போட்ட பெண் ஒருத்தியைக் கண்டதாக ஒருவர் சொன்னார். மகளிடம் ஊதாச் சட்டை இருந்தது. வாகரை அப்போது இயக்கத்தின் பகுதி. வடக்கே போனால் திரும்பி வர எத்தனையோ தடை. பிறகு மறுபடி யுத்தம். பாதை பூட்டு. அந்தத் தாய் நாலரை வருடமும் அந்த உழவு இயந்திரத்தின் பின்னாலேயே மனதால் போய்க்கொண்டிருந்தார். இப்போது யுத்தம் முடிந்து, இலட்சக்கணக்கில் சனம் வெளியே வந்து வவுனியாவுக்கு அருகே செட்டிகுளத்து முகாம்களுக்குள் இருக்கிறது. அப்படியான நேரத்தில் மகளிடமிருந்து கடிதம்.

“நாளைக்கு வெள்ளன வவுனியா பஸ்ஸில போறன்,” என்றார். “எந்த முகாமெண்டு மட்டும் சொல்லு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்.”

கட்டாரில் வேலை செய்த மூத்த மகனின் இலக்கத்தை அவர் ஒரு துண்டில் எழுதிவைத்திருந்தார். என் கைபேசியில் அழைத்தேன்.

“அக்கா!” என்று அந்தப் பையன் போனுக்குள் கத்தினான். பையன் என்கிறேன், முப்பத்தைந்து வயது ஆள். “அக்கா, அவவக் கண்டீங்களா? பேசினீங்களா?”

“தம்பி, ஈமெயிலில என்ன கடிதம் வந்தது? அப்பிடியே வாசிங்க.”

வாசித்தான். “கடிதம் கிடைத்தது. இங்கே நிலைமை சரியில்லை, தொடர்பும் குறைவு. கொஞ்சம் பொறுத்திருங்கள். விபரமாகப் பிறகு எழுதுகிறேன்.”

அது என்னுடைய வசனம். அந்த வாரம் முழுக்க, உறவைத் தேடி வெளிநாடுகளிலிருந்து வந்த கடிதங்களுக்கெல்லாம் நான் அனுப்பிக்கொண்டிருந்த அதே நாலு வசனம். ஒரு நாளைக்கு நூறு, இருநூறு. கீழே பெயர் போடுவதில்லை. அந்த வருடங்களில் கடிதத்தின் அடியில் யாரும் பெயர் போடுவதில்லை. பெயர் போட்டவர்களுக்கு என்ன நடந்ததென்று பார்த்த ஊர் இது.

“தம்பி, அது நான் எழுதினது,” என்றேன். “பிழை நடந்திட்டுது. எல்லாருக்கும் போடுற பதில் அது.”

அவன் மெதுவாக, ஒரு பொய்க்காரியிடம் பேசுவதுபோல் கேட்டான்.

“அவவ வீட்டில நாங்க என்ன சொல்லிக் கூப்பிடுற, தெரியுமா உங்களுக்கு?”

“தெரியா.”

“ஒபிசில ஆருக்காவது தெரியுமா?”

“தெரியா தம்பி.”

“அந்தப் பேரில வந்திரிக்கி அக்கா. அனுப்பின ஆள் எண்ட இடத்தில அந்தப் பேர். நானும் அம்மாவும் மட்டும் கூப்பிடுற பேர். அத நீங்க எப்பிடிப் போட்டீங்க?”

போனை வைத்துவிட்டுக் கணினியின் முன் போய் இருந்தேன். எங்களுடையது கறுப்புத் திரை. கடல் வந்த பிறகு உதவிக்கு வந்த வெள்ளைக்காரத் தொண்டர் ஒருவர், யாரோ கொடுத்த பழைய கணினியில், எழுத்து மட்டும் காட்டும் மின்னஞ்சல் நிரல் ஒன்றைப் போட்டுத் தந்துவிட்டுப் போனார். படம் இல்லை, நிறம் இல்லை, சுட்டெலிக்கு வேலை இல்லை. எல்லாம் விசைதான். தொலைபேசிக் கம்பியில் சொட்டுச் சொட்டாக வரும் இணையத்துக்கு அதுதான் தாங்கும். ஒரே குறை, அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் காட்டும். தமிழ் எழுத்தில் வந்தால் பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகள்.

அனுப்பியவற்றின் பெட்டியைத் திறந்தேன். இருந்தது. முந்தநாள் காலை, நான் கதிரையில் இருந்த நேரம். என் வசனங்கள். மேலே, அனுப்புநர் வரியில், எனக்குத் தெரியாத செல்லப்பெயர். அதன் பக்கத்தில், செத்துப்போனவளின் அலுவலக முகவரி. அவனுடைய கடிதம் தமிழ் எழுத்தில் வந்திருந்தது. கேள்விக்குறி, கேள்விக்குறி, கேள்விக்குறி. வாசிக்க முடியாத கடிதங்களுக்கும் அதே நாலு வசனத்தைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். வசனம் எனது. பெயரை யார் போட்டது?

மே மாதத்து மட்டக்களப்பில், மின்விசிறியும் ஓடாத அறையில், எனக்குக் குளிர்ந்தது. யாரோ என் கதிரையில் இருந்து எழுதினார்களா? அவள் வீட்டை அறிந்த யாரோ? அந்த நாட்களில் அப்படி நினைப்பதுதான் இயல்பு. நிரலில் பிழை என்று நினைப்பதற்கு முன்பு மனிதர்களில் பிழை என்று நினைத்தோம்.

அந்த அம்மா கதிரையில் அமர்ந்து என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காத்தான்குடியில் கணினிக் கடை வைத்திருந்தவரைக் கூப்பிட்டேன். சவூதியில் பத்து வருடம் இருந்து திரும்பியவர், என் வயதுதான். தன் கடைப் பலகையில் இருந்த ஒரு பிழையை நான் சொல்லித் திருத்தினார். அன்றிலிருந்து நான் அவருக்கு டீச்சர். கால் மணியில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். விசயத்தைச் சொன்னேன்.

“மவுத்தான ஆக்கள் ஈமெயில் போடுற எண்டா, டீச்சர், எண்ட வாப்பாட்டக் கேக்க எனக்கும் நாலு கேள்வி இரிக்கி,” என்று சிரித்தார். பிறகுதான் மூலையில் இருந்த அம்மாவைக் கண்டார். சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. “ஆரு?” என்று கண்ணால் கேட்டார். “தாய்,” என்றேன். தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் குனிந்து திரையைப் பார்த்தார்.

முதலில் நானே எனக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அனுப்புநர் வரியில் என் பெயர். சரியாக. இன்னொன்று அனுப்பினேன். என் பெயர்.

“பாருங்க, நான் இல்ல,” என்றேன். அப்படியொரு நிம்மதி வந்தது, வெட்கம் கெட்ட நிம்மதி.

“உங்கட பேரில வர வேணுமெண்டு எங்க எழுதியிரிக்கி?”

அமைப்புக் கோப்பைத் திறந்து காட்டினேன். இயல்பான அனுப்புநர் என்ற வரியில் என் பெயரும் முகவரியும் இருந்தன. ஒரு எழுத்தும் பிழையில்லை. அழித்துவிட்டுத் திரும்பவும் எழுதினேன். நிரலை மூடித் திறந்தேன். திரும்பவும் என் பெயர்தான் வந்தது.

“டீச்சர், நீங்க புதுக் கடிதமே எழுதிக்கிட்டு இரிக்கிறீங்க,” என்றார் அவர். “அவனுக்குப் போனது புதுக் கடிதமா, பதிலா?”

நான் அவரைப் பார்த்தேன்.

“பதில்.”

“அப்ப பதில் போட்டுப் பாருங்க.”

அவர் தன் கடையில் நின்ற ஆளுக்குப் போன் எடுத்து, அவளுடைய முகவரியைச் சொல்லி, அங்கிருந்து சும்மா ஒரு வரி அனுப்பச் சொன்னார். பெயர் இடத்தில் எதையாவது போடு என்றார். கம்பி கரகரத்தது. கடிதம் இறங்கியது. பதில் போடும் விசையை அழுத்தினேன். மேலே அனுப்புநர் வரியில் அவளுடைய முகவரி தானாக வந்து நின்றது. அதற்கு முன்னால், பெயரின் இடத்தில், கடையாள் ஆங்கில எழுத்தில் போட்ட ‘சும்மா’.

“அல்லாவே,” என்றார் அவர்.

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதுதான் பெரிய அடி.

எங்களிடம் முகவரிகள் பல. வீட்டுத் திட்டத்துக்கு ஒன்று, காணாமல்போனோர் விசாரணைக்கு ஒன்று, எனக்கென்று ஒன்று. எல்லாம் என் ஒரே பெட்டியில் வந்து விழும். காணாமல்போனோர் முகவரிக்கு வந்த கடிதத்துக்கு மறந்துபோய் என் சொந்தப் பெயரில் பதில் போனால், நாளைக்கு என் வீட்டு வாசலில் யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் கோப்பில் ஒரு வரி வைத்திருந்தேன்: எந்த முகவரிக்குக் கடிதம் வந்ததோ அதே முகவரியிலிருந்து, வந்த கடிதத்தில் அந்த முகவரிக்குப் போட்டிருந்த அதே பெயரோடு, பதில் போகட்டும். அந்த வரி இயல்பான அனுப்புநரைத் தாண்டிப் போகும். நான் என் பெயரை எத்தனை தரம் திருத்தி எழுதினாலும் பதில்களுக்கு அது பொருட்டே இல்லை.

எவையெவை எங்கள் முகவரிகள் என்று நிரலுக்குச் சொல்ல இன்னொரு வரி. அதில் நாலு முகவரி இருந்தது. நாலாவது அவளுடையது. நான்தான் எழுதினேன், என் கையால். கடல் வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் அவள் பெயரை யாரும் எதிலிருந்தும் எடுக்கவில்லை. வரவுப் பதிவேட்டில் ஒவ்வொரு மாதமும் அவள் பெயரை எழுதி, எதிரே வெறுமையாக விட்டோம். கூட்டங்களில் அவள் கதிரையும் இருந்தது. உடல் கிடைக்காதவளை இல்லையென்று எழுத எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. அவளுக்கு வரும் கடிதங்கள் என் பெட்டிக்குத் திருப்பப்பட்டபோது, அவள் முகவரியை எங்களுடையவை என்ற வரியில் சேர்த்தேன். சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. சேர்க்காமல் விட்டிருந்தாலும் கடிதம் வந்திருக்கும். விடுபட்டால் அவளை அந்நியர் ஆக்கியதுபோல் இருக்கும் என்று சேர்த்தேன்.

செல்லப்பெயர்? யுத்தம் முடிகிறதென்று கேட்டு அவளுடைய பழைய முகவரிக்கு எழுதிப்பார்த்த அண்ணன், தன் முகவரிப் புத்தகத்தில் தங்கையை அந்தப் பெயரில், ஆங்கில எழுத்தில், சேமித்திருந்தான். அவன் எழுதிய பெயரைத்தான் நிரல் எடுத்து அனுப்புநர் வரியில் வைத்து அவனுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது.

அம்மாவிடம் போய் நிலத்தில் குந்தினேன். சொன்னேன். விசை, வரி, முகவரி, பெயர். எனக்கே கேட்க அசிங்கமாக இருந்தது. ஒரு தாயிடம் போய் அமைப்புக் கோப்பு என்கிறேன்.

“எனக்கு அதெல்லாம் விளங்காது,” என்றார். “அவட பேரில வந்திரிக்கி. நீ வந்து அது பொய்யெண்டு சொல்லுற. ஆர நான் நம்புற? உன்னையா, எண்ட புள்ளையையா?”

“அம்மா, அத எழுதினது நான்.”

“உனக்குத்தான் அந்தப் பேர் தெரியாதே!”

மூத்தவன் விடுமுறை கேட்டுவிட்டான் என்றார். போய்ச் சேர்ந்ததும் முள்வேலிக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிடுவாராம். அந்தப் பெயருக்கு உலகத்தில் ஒருத்திதான் திரும்புவாளாம். எனக்கு அந்தக் காட்சி கண்ணில் நின்றது: ஆயிரம் தலைகளுக்கு முன்னால், வெயிலில், நான் அனுப்பிய நாலு வசனத்தை நம்பி, தொண்டை கிழியக் கூப்பிடும் ஒரு மனிசி. யாரும் திரும்பாவிட்டால் அடுத்த முகாம். அதற்கு அடுத்தது. கால் உள்ள வரைக்கும்.

காத்தான்குடிக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று மெல்லச் சொன்னார். “சொல்லாதீங்க டீச்சர். செஞ்சு காட்டுங்க.”

திரும்ப அந்தப் பையனுக்குப் போன் எடுத்தேன். அவனுக்கும் விளக்கினேன். அவன் கட்டடத் தளத்தில் கணினி வேலைதான் பார்த்தான், பாதியிலேயே பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதை அவன் மூச்சில் கேட்டேன்.

“தம்பி, ஒண்டு செய்யுங்க. அதே முகவரிக்கு இப்ப ஒரு கடிதம் போடுங்க. பேர் இடத்தில அம்மாட பேரை எழுதுங்க.”

“வேணாம் அக்கா.”

“அம்மா நாளைக்கு பஸ் ஏறப் போறா.”

“அவ போகட்டும். போய்ப் பாக்கட்டும். இல்லையெண்டா அவவே வருவா.”

“வருவாவா?”

அவனுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

“போடுறன்,” என்றான்.

கைபேசியை வெட்டாமல் ஒலிபெருக்கியில் வைத்தேன். கம்பி கரகரத்தது. கடிதம் இறங்கியது. அம்மாவைக் கூப்பிட்டுத் திரைக்கு முன் இருத்தினேன். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது, ஆகவே திரை அவருக்கு எதையும் நிரூபிக்காது. பதில் விசையை அழுத்தினேன். அனுப்புநர் வரியில் அவருடைய பெயர் வந்தது. உள்ளே ஒன்றும் எழுதவில்லை. அந்த நாலு வசனம் போதும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அவற்றைத் தொட விரல் வரவில்லை. வெறுங்கடிதமாக அனுப்பினேன்.

நாங்கள் காத்திருந்தோம். ஒரு பட்டாசு. கொக்குகள்.

“அம்மா,” என்றான் மகன் போனில். “உங்கட பேரில எனக்கு ஒரு கடிதம் வந்திரிக்கி.”

“என்ன மனே சொல்லுற?”

“அனுப்பினது நீங்க எண்டு போட்டிரிக்கி அம்மா. உங்கட முழுப்பேர்.”

அம்மா தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காத்தான்குடிக்காரரைப் பார்த்தார். அவரோ கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் ஒண்டும் எழுதல்லியே,” என்றார். “இஞ்ச சும்மாதானே இரிக்கிறன்.”

விரித்த விரல்களை மெல்ல மடக்கினார்.

“நான் எழுதல்ல,” என்றார் திரும்பவும். பிறகு, யாரிடமும் இல்லாமல்: “அப்ப அவளும் எழுதல்ல.”

போனுக்குள் அவன் அழத் தொடங்கினான். வளர்ந்த ஆண் அழும் சத்தம், ஒலிபெருக்கியில், அலுவலகம் முழுக்க. அவர் அழவில்லை. “லீவ விடு மனே,” என்றார். “இப்ப வராத. வரக்குள்ள செய்ய வேண்டியதச் செய்வம்.” போனை எப்படி வெட்டுவதென்று தெரியாமல் என்னிடம் நீட்டினார்.

எங்கள் முகவரிகளின் வரியைத் திறந்தேன். நாலு முகவரி. நாலாவதுக்குப் பக்கத்தில் இடங்காட்டிக் கோடு துடித்துக்கொண்டு நின்றது. விடைபெறும் வார்த்தைபோல ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

“அம்மா, இத எடுத்தாத்தான் இனி இப்பிடி வராது. எடுக்கட்டா?”

“என்னைக் கேக்காத,” என்றார். குரல் முதல்தரமாக உயர்ந்தது. “நீ போட்டது. நீயே எடு.”

எடுத்தேன். எழுத்து எழுத்தாகப் பின்னாலிருந்து அழிந்து போனது. நிரலை மூடித் திறந்து, அவனுடைய கடிதத்துக்குப் பதில் விசையை அழுத்திப் பார்த்தேன். என் பெயர் வந்தது. வேலை சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்று நான் திரும்பிச் சொல்லப் போனபோது கதிரையில் அவர் இல்லை.

வாசலுக்கு ஓடினேன். வீதியில் இல்லை. அவருடைய ஊர் செங்கலடி. செங்கலடிக்குப் போகும் பஸ்ஸும் வவுனியாவுக்குப் போகும் பஸ்ஸும் ஒரே நிலையத்திலிருந்து ஒரே பாதையில்தான் வடக்கே போகும். நாளைக்கு என்றவர் இன்றைக்கே ஏறிவிடலாம். காத்தான்குடிக்காரர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனார். நான் அந்த வாசலில் நின்றது எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் கணினி புதுக் கடிதங்களை இறக்கிக்கொண்டிருந்தது, கேள்விக்குறிகளாக.

காத்தான்குடிக்காரர் திரும்பி வந்து இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னார்.

“செங்கலடி பஸ்ஸில ஏறிட்டா.”

“வவுனியா பஸ் போயிட்டுதா?”

“இல்ல. முன்னால நிண்டது,” என்றார். “அதத் தாண்டிப் போய் ஏறினா, டீச்சர்.”